சும்மாவுக்கு வில்லை கிடையாது

தங்கப்பழம் ஐயாவின் போன் குழிக்குள் விழுந்ததை அன்று கல்லறைத் தோட்டத்தில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். ஆனால் வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்தபோதுதான் பார்த்தார்கள். எல்லாரும் அடக்க ஆராதனையைப் படம் பிடித்துக்கொண்டிருந்ததால் அந்த நேரத்தில் குழியை நேராகக் கவனித்தவர் ஒருத்தருமில்லை.

மண் அள்ளிப் போடக் குனிந்தார், சட்டைப்பையிலிருந்து அது நழுவியது, பின்னாலேயே கூடை கூடையாக மண்ணும் விழுந்தது. ஆயர் கையை உயர்த்தி ஆசீர்வாதம் சொல்ல வாயெடுத்த நேரம், பூமிக்கடியிலிருந்து ஒரு கீர்த்தனை மெட்டு கேட்டது. இறந்தவர் பாடகர் குழுவில் ஆயுசு முழுக்கப் பாடியவர். சொந்தக்காரர்களுக்கு வந்த நடுக்கத்தைக் கேட்கவே வேண்டாம். ஓட்டம் பிடித்த மூத்த மருமகள் குமணன்சாவடி சிக்னலில்தான் நின்றாள் என்பார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொல்வது.

மறுபடி தோண்டலாமா என்று கேட்டதற்கு, மேலிடத்துக்கு எழுதித்தான் அனுமதி வாங்க வேண்டும், பதில் வருவதற்குள் ஈஸ்டர் வந்துவிடும் என்றார் ஆயர். போன் அங்கேயே தங்கிவிட்டது. ரீசார்ஜ் செய்யச் சொல்லிக் கம்பெனிக்காரன் அடித்த அழைப்பு அது என்று பிறகு விசாரித்ததில் தெரிந்தது. தங்கப்பழம் ஐயா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. "அது எனக்கு வந்த அழைப்பு" என்றார்.

வேறொருவராக இருந்தால் அடுத்த வாரமே ஆவடி பஜாரில் புதுப் போன் வாங்கியிருப்பார். இவர் ஓர் இயக்கம் தொடங்கினார். தன்னிடம் இல்லாத ஒன்று ஊராரிடம் இருக்கும்போதுதான் அதன் தீமை ஒரு மனிதனுக்குத் தெளிவாகத் தெரிகிறது.

தங்கப்பழம் ஐயா இளவயதில் தூத்துக்குடிப் பக்கமிருந்து ஆவடிக்கு வந்தவர். ஃபேக்டரியில் கருவி அறைக்குப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்று, வெள்ளானூரில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டார். எபிநேசர் நகர் சபையில் பாதிப்பேர் அவரைப் போலக் குவார்ட்டர்ஸைக் காலிசெய்துவிட்டு வந்தவர்கள்தான். சபைக் கமிட்டியில் அவர் ஒருவருக்குத்தான் மைக் இல்லாமலேயே குரல் கேட்கும்.

வருஷப் பிறப்பு நள்ளிரவு ஆராதனையில் அவர் எழுந்து நின்றார். "அன்பானவர்களே, இந்த வருஷம் திரைக்கு அடிமையாயிராமல் நோக்கமுள்ள ஜீவியம் செய்ய ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றார். அந்த வேளையில் நம் சனங்கள் எதற்குச் சொன்னாலும் எழுந்து நிற்பார்கள், கால் மரத்துப்போயிருக்கும். அத்தனை பேரும் நின்றார்கள். பக்கத்திலிருந்தவர் எழுந்ததால் ஆனந்தனும் எழுந்தான். நின்றவர்கள் எல்லாரும் நோக்கமுள்ள வாழ்வு இயக்கத்தின் ஆயுட்கால உறுப்பினர்கள் என்பது உட்கார்ந்த பிறகுதான் அறிவிக்கப்பட்டது.

இந்த ஆனந்தனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பாடியில் ஒரு கம்பெனியில் காலை ஷிப்ட். பேச்சு குறைவு. போன வருஷம் அம்பத்தூர்ப் பெண் ரேகாவைக் கட்டினான். அவள் குவைத்தில் நர்ஸ். கல்யாணத்துக்கு லீவில் வந்தவள், விருந்து முடிவதற்குள் திரும்பிவிட்டாள். இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களைவிடக் கல்யாண ஆல்பத்தில் பக்கங்கள் அதிகம். அவளுக்கு அங்கே எப்போதும் நைட் டூட்டி. அவள் தூங்கி எழுந்து ஆஸ்பத்திரி பஸ் வருவதற்குள் கிடைக்கும் நேரம், இங்கே இவன் வேலையிலிருந்து வந்து அடுப்பு மூட்டும் நேரம். போனை மசாலா டப்பாக்கள் மேல் சாய்த்து வைப்பான். இவன் வெங்காயம் அரிவான், அவள் துணி மடிப்பாள். எப்போதாவது "உப்பு போட்டியா?" என்பாள். அவ்வளவுதான் அவர்களுடைய தாம்பத்தியம். பக்கத்து வீட்டு ஜன்னலில் இருந்து பார்த்தவர்களுக்கு இதில் ஒரு சுவாரசியமும் கிடைத்ததில்லை.

பொங்கல் கழிந்ததும் இயக்கம் வேலையை ஆரம்பித்தது. கோயிலுக்குப் பக்கவாட்டில் இருந்த சாமான் அறையைச் சுத்தம் செய்து, ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்து, கீழே கை நுழையுமளவு திறப்பு வைத்தார் தங்கப்பழம் ஐயா. உள்ளே சுவர் முழுக்க எண் போட்ட புறாக்கூண்டுகள். வாசலில் பலகை: கருவி அறை. சாயங்காலம் ஆறு மணிக்கு சைரன் ஊதும். உடனே உறுப்பினர்கள் போனைக் கொண்டுவந்து கூண்டில் ஒப்படைக்க வேண்டும். படுக்கப் போகும் நேரத்தில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இடைப்பட்ட வேளைக்குக் 'குடும்ப நேரம்' என்று பெயர்.

நடுவில் போன் தேவைப்பட்டால் பித்தளை வில்லை கொடுத்து வாங்க வேண்டும். ஃபேக்டரியில் ஸ்பானர் வாங்குகிற முறைதான். உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் நான்கு வகை வில்லை இருக்கும்: வேதம், வேலை, மருத்துவம், மரணம். ஜன்னலில் வில்லையை நீட்டி நோக்கத்தை வாயால் சொல்ல வேண்டும்.

தொடக்க விழாவில் அவர் பேசியது இன்றைக்கும் பலருக்கு மனப்பாடம். "என் சர்வீஸில காரணம் கேக்காம ஒருத்தனுக்கும் ஒரு ஸ்பானரைக் கொடுத்ததில்ல. நான் இருந்தவரை ஒரு கருவியும் தேயல. புதுசா வாங்கினது புதுசாவே இருந்தது. வேலை நடந்துச்சான்னு கேக்கீங்களா? அது வேலை செய்யறவன் பாடு. கருவி தேயல."

ஆயர் அசோக் தேவதாஸ் அதற்கு ஆமென் சொன்னார். அவர் போன் மட்டும் கூண்டுக்குப் போகாது. பிரசங்கத்தைத் துண்டு துண்டாக வெட்டி இணையத்தில் போடுகிறவர் அவர். யாரோ ஜாடையாகக் கேட்டபோது, "நான் திரையைப் பார்ப்பதில்லை. திரையில் வருகிறேன். இரண்டும் வேறு" என்று விளக்கினார்.

ஆனந்தன் முதல் மூன்று நாள் கருவி அறைப் பக்கமே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை 'பாரத்தோடு ஜெபிக்க வேண்டியவர்கள்' என்று ஆயர் வாசித்தபோது, கிட்னி பழுதான ஒருவருக்கும் வீட்டை விட்டு ஓடிப்போன ஒரு பையனுக்கும் நடுவில் அவன் பெயர் வந்தது. ஆராதனை முடிந்ததும் பெண்கள் வரிசையாக வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "டாக்டர் என்னப்பா சொல்றாரு?" என்றாள் ஒருத்தி. சாயங்காலத்துக்குள் அம்பத்தூருக்குச் செய்தி போய் மாமியார் போனில் அழுதாள். திங்கட்கிழமை சைரன் ஊதியதும் அவன் போனைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து வெங்காயத்தை எடுத்தான். மசாலா டப்பாக்களைப் பார்த்தான். வெங்காயத்தைத் திரும்பக் கூடையில் போட்டுவிட்டுக் கருவி அறைக்கே நடந்தான்.

வரிசையில் அவனுக்கு முன்னால் ஷோபனா நின்றாள். சாயங்காலச் சீரியல் பார்க்காவிட்டால் கை நடுங்குகிறவள். அவள் மரணம் வில்லையை நீட்டி, "திருநின்றவூர் சித்தப்பா தவறிட்டாருங்க" என்று மூக்கை உறிஞ்சி, போனை வாங்கிக்கொண்டு ஓரமாகப் போய் ஹெட்போன் மாட்டிக்கொண்டாள். அந்த மாதம் எபிநேசர் நகரில் சித்தப்பாக்களும் பெரியம்மாக்களும் செத்த வேகத்தில் கொள்ளை நோயே வெட்கப்பட்டிருக்கும். ஆறுதல் சொல்ல வீடு வீடாகப் போய் டீ குடித்து ஆயருக்கு வயிறு கெட்டுவிட்டது. ஷோபனாவின் சித்தப்பா அடுத்த ஞாயிறே மஞ்சள் சட்டை போட்டு ஆராதனைக்கு வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்து, தனக்காக ஏறெடுக்கப்பட்ட ஜெபத்துக்குத் தானும் கண்ணை மூடினார்.

ஆனந்தன் ஜன்னலில் தலையைக் குனிந்தான்.

"நோக்கம்?" என்றார் தங்கப்பழம் ஐயா.

"வீட்டுக்காரியைப் பாக்கணும் ஐயா. குவைத்ல இருக்கா."

"பாத்து?"

"பாத்து... பாத்துக்கினு இருப்பேன்."

"பேசுற விஷயம் என்ன?"

"பெருசா பேச்சு ஒண்ணும் இருக்காது ஐயா. நான் சமைப்பேன், அவ துணி மடிப்பா. சும்மா இருப்போம்."

ஐயா அதுவரை வாங்கி ஆணியில் மாட்டியிருந்த வில்லைகளைத் திரும்பிப் பார்த்தார். நான்கையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது. "சும்மாவுக்கு வில்லை கிடையாது, தம்பி."

ஓரத்திலிருந்து ஷோபனா ஒரு பக்க ஹெட்போனைக் கழற்றிக் கிசுகிசுத்தாள். "மரணம் போடுங்க. பெரியப்பா யாராவது இல்ல?"

"போன வருஷமே இறந்துட்டாரு."

"அதனால இன்னா."

ஆனந்தனுக்கு அது வரவில்லை. இருந்தவரைக்கும் நன்றாயிருந்த மனுஷரைச் செத்த பிறகு இன்னொரு தடவை சாகடிப்பதற்கு மனசில்லை. வீட்டுக்குத் திரும்பினான். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் வீராசாமி ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளானூரின் பழைய விவசாயக் குடும்பம். நிலம் மனையான பிறகு ஆட்டோ ஓட்டுகிறார்.

"இன்னாபா ஆனந்தா, இன்னிக்கு உன் ஊட்டுல குக்கர் சத்தமே காணோம்."

விஷயத்தைச் சொன்னான். வீராசாமி துணியைப் பிழிந்தபடியே கேட்டார்.

"உன் பொண்டாட்டிய நீ பாக்க, உங்க சாமி ஆபீஸ்ல சீட்டு வாங்கணுமா?"

"வில்லைண்ணே."

"இன்னாவோ ஒண்ணு. எங்க கோயில்லயும் கூத்து கீது, இல்லங்கல. ஆனா செருப்பத்தான் வாங்கி வெப்பானுங்க."

கம்பெனியின் சாப்பாட்டு இடைவேளையில் ரேகாவுக்கு போன் போட்டால், அவள் டூட்டி முடிந்து தூங்கத் தொடங்கியிருப்பாள். தூக்கக் கலக்கத்தில் "சாப்ட்டியா" என்று ஒரு வார்த்தை வரும், அவ்வளவுதான். ஒரு நாள் கேட்டே விட்டாள்: "இப்பல்லாம் நீ எப்படி நடக்கறன்னே மறந்துடும் போல கீது. எனக்கு அந்த ஒரு வேளைதான் ஊடு. அதுவும் இல்லன்னா நான் இங்க எதுக்கு இருக்கணும்?"

அவன் கமிட்டிக்கு மனு கொடுத்தான்.

கமிட்டி கருவி அறையிலேயே கூடியது. தங்கப்பழம் ஐயா, ஆயர், பெண்கள் ஐக்கிய சங்கத்துக்காக ஐயாவின் மனைவி லீலாவதி அம்மா. ஆனந்தன் வலைக்கு வெளியே நின்றான்.

"பிரச்சினை இதுதான்" என்று தொடங்கினார் ஐயா. "கருவியை வாங்குறான். மணிக்கணக்கா வச்சிருக்கான். முடிவுல கையில என்ன இருக்கு? ஒண்ணுமில்ல. ஒரு முடிவெடுத்தாங்களா? தகவல் பரிமாறினாங்களா? இல்ல. இதுக்கு சீரியல் பாக்கிறவ தேவல, அவளுக்குக் கதையாவது தெரியும்."

ஆனந்தன் மெதுவாகச் சொன்னான். "ஏழாவது நாள் ஆண்டவரும் சும்மாதானே இருந்தாரு ஐயா."

ஆயர் கூரையைப் பார்த்தார். அவர் படித்ததில் இதற்கு ஏதோ பதில் இருந்தது, சட்டென்று வரவில்லை. ஐயாவுக்கு வந்தது.

"அது விடுப்பு, தம்பி. ஆறு நாள் உற்பத்தி காமிச்சிட்டுப் போட்ட விடுப்பு. அதுவும் ஓய்ந்திருந்தார்ன்னு பதிவாயிருக்கு. நீ பதிவு பண்ணியா?"

"இளம் தம்பதிகளை நாம் இடறப்பண்ணக் கூடாது" என்றார் ஆயர். "ஐந்தாவதாக ஒரு வில்லை அடிக்கலாம். தாம்பத்..." என்று சொல்லி லீலாவதி அம்மாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பித்தளையில் என்ன எழுதுவது என்று வெகுநேரம் விவாதம் நடந்தது. 'துணை' என்றால் துணை ஆயர் தன்னைக் குறிப்பதாக நினைப்பார். 'அன்பு' என்று போட்டால் கண்டவனும் வந்து கேட்பான். கடைசியில் 'இல்லறம்' என்று முடிவாகி, பாடியில் எழுத்து வெட்டுகிறவரிடம் கொடுத்தார்கள்.

நிபந்தனை ஒன்றுதான். புது வகை வில்லை என்பதால் கருவியை அறைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. கமிட்டியின் மேற்பார்வையில் இங்கேயே பயன்படுத்த வேண்டும்.

வில்லை வந்த அன்று, ஆனந்தன் அதை நீட்டிப் போனை வாங்கி, கூண்டுகளுக்கு நடுவில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். முதுகுக்குப் பின்னால் மூன்று பேர். ரேகா திரையில் வந்தாள், தலையைத் துவட்டிக்கொண்டு.

"ஏங்க, பின்னாடி யாரு அது?"

"கமிட்டி."

"எதுக்கு?"

"நம்ம நோக்கத்தைப் பாக்க வந்திருக்காங்க."

அவள் துண்டை எடுத்துத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டாள். "ஸ்தோத்திரம்" என்றாள். மூவரும் ஸ்தோத்திரம் என்றார்கள். பிறகு ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"தொடங்கலாம்" என்றார் ஐயா.

"என்னாத்தைங்க?"

"இல்லறத்தை."

ரேகா யோசித்தாள். "நல்லாருக்கீங்களா?" என்று புருஷனைக் கேட்டாள். அவன் "நல்லாருக்கேன். நீங்க?" என்றான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் அவளை நீங்க என்றது அதுதான் முதல் தடவை.

ஐயாவுக்குத் திருப்தியில்லை. வழக்கமாக என்ன நடக்கும் என்று ரேகாவையே விசாரித்தார். "அவரு குழம்பு வைப்பாரு, நான் பாப்பேன்" என்றாள். ஐயா முகம் மலர்ந்தது. "சமையல். இதுல ஒரு நோக்கம் இருக்கே. இதை முதல்லயே சொல்ல வேண்டாமா?"

மறுநாள் முதல் அவன் கருவி அறையிலேயே சமைக்க வேண்டும் என்றானது. அடுப்பு? சபையில் இருந்தது அசன அடுப்பு ஒன்றுதான். திருவிழாவுக்கு ஊருக்கே பிரியாணி போடுகிற மூன்று வளைய ராட்சதன். ஆனந்தன் அதன்மேல் தன் சின்னச் சட்டியை வைத்தான், சட்டி நடுவழியே உள்ளே போய்விட்டது. அண்டாவை வைத்தார்கள். அண்டாவின் அடியில் ஒரு ஆள் குழம்பு தண்ணீர்ச் சொட்டு மாதிரி ஆவியானது. "ஒருத்தனுக்காக இத்தனை கேஸ் எரிப்பது உக்கிராணத்துவமல்ல, ஆண்டவர் பொருளை வீணாக்குவது" என்றார் ஆயர். ஆகவே அளவு கூட்டப்பட்டது. கமிட்டிக்கும் சேர்த்து வைத்தான். பிறகு வரிசையில் நிற்பவர்களுக்கும். ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம் தொடங்கியபோது, பாடியில் ஷிப்ட் முடித்து வந்த ஆனந்தன், கரண்டிக்குப் பதில் கட்டையால் கிண்டிக்கொண்டிருந்தான். போன் பாட்டுப் புத்தக அலமாரிமேல் இருந்தது. ரேகாவுக்கு நீராவி தெரிந்தது. எப்போதாவது ஆவி விலகினால் ஒரு முழங்கை தெரிந்தது.

"அது நீயா?" என்பாள்.

"இல்லம்மா, நான் பொருளாளர்" என்று பதில் வரும்.

சாப்பிட வந்தவர்களுக்கு அவள் நர்ஸ் என்பது தெரிய எத்தனை நேரமாகும்? முதலில் ஷோபனா கேமரா முன் நாக்கை நீட்டினாள். பிறகு ஒருவர் மாத்திரை அட்டையைக் காட்டினார். மறுநாள் முட்டிவலிக்காரர்கள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். இல்லறம் வில்லையில் போன் வெளியே வரும், மருத்துவம் வில்லைக்காரர்கள் அதைச் சுற்றி நிற்பார்கள். தங்கப்பழம் ஐயாவே ஒரு நாள் நாற்காலியில் ஏறி நின்று குதிகால் வெடிப்பைக் காட்டினார். "இயக்கம் வளருது" என்றார் இறங்கி.

ஒரு சாயங்காலம் பஸ் வந்துவிட்டது என்று எழுந்தவள், கூட்டத்தின் தலைகளுக்கு மேலாகக் குரல் கொடுத்தாள். "ஏங்க." அண்டாவின் பின்னாலிருந்து ஆனந்தன் எட்டிப் பார்ப்பதற்குள் யாரோ ஒருவரின் வீங்கின கணுக்கால் திரையை மறைத்தது. "இன்னிக்கும் உன் மூஞ்சியப் பாக்கல" என்றது போன். பிறகு அணைந்துவிட்டது.

அன்று அவன் அண்டாவைக் கழுவாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். லீலாவதி அம்மா மட்டும் அதைக் கவனித்தார்.

மாதக் கடைசியில் கருவிச் சரிபார்ப்பு வந்தது. ஒவ்வொரு போனையும் கையில் எடுத்து, எந்த நோக்கத்துக்கு வாங்கப்பட்டது, நோக்கம் நிறைவேறியதா என்று ஐயா பார்ப்பார். ஆனந்தனுடைய முறை வந்தபோது ரேகா லைனில் இருந்தாள். ஜன்னலுக்கு வெளியே வழக்கமான கூட்டம் தட்டோடு நின்றது.

"இது நம்ம முன்மாதிரிக் கருவி" என்றார் ஐயா பெருமையாக. "வில்லை: இல்லறம். நோக்கம் நிறைவேறிச்சா?"

ஆனந்தன் ஐயா கையிலிருந்த போனைப் பார்த்தான்.

"இல்லீங்க" என்றாள் ரேகா.

"எப்படிம்மா இல்லங்கற? எத்தனை பேர் சாப்பிட்டாங்க. எத்தனை பேர் முட்டியைக் காட்டினாங்க."

"அதத்தான் சொல்றா அந்தப் புள்ள" என்றார் லீலாவதி அம்மா. அவர் கமிட்டியில் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. ஐயா பேனாவை வைத்துவிட்டுத் திரும்பினார். அம்மா நிறுத்தவில்லை. "சாப்ட்டாங்க, முட்டியக் காட்டினாங்க. அதுங்க ரெண்டும் ஒரு வார்த்தை பேசிக்கல. இல்லறத்துக்குன்னு வாங்கின சாமானை நாம ஆஸ்பத்திரிக்கு வச்சுக்கிட்டோம்."

ஐயாவின் முகம் மெல்ல மாறியது. தன் கருவி அறையில், தன் கண்ணெதிரில், இப்படி ஒன்று நடக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

"ஸ்பானரால ஆணி அடிச்சிருக்காங்க" என்றார் மெதுவாக.

"அடிச்சது நீங்களுந்தான். குதிகால்" என்றார் லீலாவதி அம்மா.

ஐயா எழுந்து நின்றார். அவர் கெட்டவரல்ல, விதி என்று வந்துவிட்டால் தன் குதிகாலையும் பார்க்காதவர். "வேறு வேலைக்குப் பயன்படுத்தின கருவி, கண்டம். அதுல மறு பேச்சு கிடையாது."

ஆனந்தன் போனுக்காகக் கையை நீட்டினான். "ஐயா, வேணாங்கய்யா. உடைச்சிடாதீங்க."

"கண்டம்னா இன்னாங்கய்யா?" என்றாள் ரேகா.

"இந்த அறையில வைக்கக் கூடாது. கூண்டு கிடையாது. வில்லை கிடையாது. பதிவுல இருந்து பேரை எடுத்திருவோம். அதுக்கப்புறம் அது கருவியே இல்ல. எங்க கிடந்தாலும், யார் எடுத்துட்டுப் போனாலும், கேக்க ஆளில்ல."

திரையில் ரேகா கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள். நெட்வொர்க் போய்விட்டது என்று கூட நினைத்தார்கள். "அப்ப கண்டம் பண்ணிடுங்கய்யா" என்றாள் பிறகு, ரொம்ப மரியாதையாக. "தப்பு பண்ணதுக்குத் தண்டனை வேணும் இல்லீங்களா."

ஆனந்தன் வாயைத் திறந்தான். லீலாவதி அம்மா அவனை ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டான்.

"பணிவுள்ள பொண்ணு" என்றார் ஆயர் நெகிழ்ந்து, அதைப் படம் பிடிக்கத் தன் போனைத் தேடினார்.

லீலாவதி அம்மா சிவப்புப் பெயின்ட் டப்பாவைக் கணவர் பக்கமாக நகர்த்தி வைத்தார். ஐயா போனைத் திருப்பி, முதுகில் பெருக்கல் குறி போட்டார். பிறகு முறைப்படி கண்டச் சாமானைப் பின்பக்க ஜன்னல் வழியே குப்பை மேட்டில் எறிய வேண்டும். அந்த ஜன்னலுக்கு வலை கிடையாது. ஐயா அங்கே போய் நின்று தொண்டையைச் செருமினார். "இன்று முதல் இந்தக் கருவி நோக்கமற்றது என்று அறிவிக்கிறேன்."

ஆனந்தன் ஏற்கெனவே வெளியே ஓடிக் குப்பை மேட்டின்மேல் ஏறி, லுங்கியை விரித்துப் பிடித்து நின்றிருந்தான். அண்டா கிண்டுவதற்காக பேண்ட்மேல் கட்டியிருந்த லுங்கி அது. அழைப்பை ஒருத்தரும் துண்டிக்கவில்லை. போன் ஜன்னலைத் தாண்டிச் சுழன்று வந்தது. வெள்ளானூர் வானம், கோயில் கோபுரத்து லவுட் ஸ்பீக்கர், முருங்கைமரம், மறுபடி வானம் என்று எல்லாவற்றையும் ரேகா பார்த்தாள். கடைசியில் தலைகீழாகத் தன் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்தது. அது அவன் தாடைக்கு நேராக இருந்ததால் பெரிய இடைஞ்சலில்லை.

உள்ளே அதற்குள் சலசலப்பு. கண்டமான கருவிக்கு வில்லை வேண்டாம், ஒப்படைக்கவும் வேண்டாம் என்பதை ஜன்னலில் நின்ற கூட்டம் மெல்ல மெல்லப் புரிந்துகொண்டது. ஷோபனாதான் முதலில் தட்டைக் கீழே வைத்தாள். "ஐயா, நான் வேதம் வில்லையில வாங்கி ஒரு வசனமும் படிச்சதில்லீங்க. சீரியல்தான்" என்றாள். கண்ணீரோடு சொன்னாள். ஐயா பெயின்ட் பிரஷை எடுத்தார். அடுத்தவர், வேலை வில்லையில் கிரிக்கெட் பார்த்ததை அறிக்கையிட்டார். அடுத்தவர் சீட்டாட்டம். கன்வென்ஷன் பந்தலில் கூட அப்படி ஒரு மனந்திரும்புதல் நடந்ததில்லை என்று ஆயர் பிறகு சொன்னார். அத்தனையையும் அவர் நேரலையில் விட்டிருந்தார். தங்கப்பழம் ஐயா நிமிராமல் குறி போட்டுக்கொண்டே இருந்தார். பின்பக்க ஜன்னலுக்குக் கீழே சபையில் பாதிப் பேர் புடவைத் தலைப்பையும் வேட்டியையும் விரித்து நின்றார்கள்.

ஆனந்தன் அதையெல்லாம் பார்க்க நிற்கவில்லை. வீட்டுக்குப் போய்க் குக்கரில் அரிசியை ஏற்றிவிட்டுச் சின்னச் சட்டியை எடுத்தான். போனை மசாலா டப்பாக்கள்மேல் சாய்த்து வைத்தான்.

வெங்காயம் அரிந்துகொண்டிருந்தான். அவள் யூனிபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். எண்ணெய் காய்ந்தது, கடுகு வெடித்தது, அங்கே யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள். இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வீராசாமியின் தலை எழுந்தது. குக்கர் சத்தம் கேட்டு வந்தவர், கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டார்.

"ஆனந்தா, ரெண்டு பேரும் லைன்ல கீறீங்க, பேச்சையே காணோமே. இன்னா, சண்டையா?"

"இல்லண்ணே. சும்மா."

"அப்ப சரி" என்றார் வீராசாமி. தலை இறங்கிவிட்டது.